எட்டுக் கட்டத்தில் ஒரு கன்று: டெல்டாவில் படக்கதைத் தாள்

முதல் நாள்: தரங்கம்பாடி

ஒரே தாள். ஒரு பக்கம் மட்டும் அச்சு. எட்டோ பதினாறோ கட்டங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு வரி. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகூட முதல் கட்டத்தில் விரல் வைத்துக் கடைசிக் கட்டம் வரை கதை சொல்லிவிட வேண்டும். இதைத்தான் படக்கதைத் தாள் என்கிறோம். தரங்கம்பாடியில் தொடங்கி ஸ்ரீரங்கம் வரை ஏழு நாள் பயணம், நாளுக்கு ஒரு பதிவு. மனுநீதிச் சோழன் கதையை எட்டுக் கட்டமாக்கி, வெட்டி, அச்சடித்து, வண்ணம் ஏற்றிப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் வரை எல்லா வேலையும் வழியிலேயே நடக்கும். பள்ளியிலும் ஊர் நூலகத்திலும் அப்படியே செய்துபார்க்கத் தோதாக அளவுகளோடு எழுதுகிறோம்.

தரங்கம்பாடியிலிருந்து தொடங்கக் காரணம் உண்டு. ஜெர்மானியக் கிறித்தவ மறைபணியாளர் சீகன்பால்கு இங்கே கரையிறங்கியது 1706இல். லண்டனிலிருந்து அச்சு எந்திரம் 1712இலும், ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இலும் வந்து சேர்ந்தன. வந்த எழுத்துகள் மிகப் பெரியவை, தாளை விழுங்கின. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தாள் பஞ்சத்தைச் சமாளிக்கப் பக்கத்துப் பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். அச்சில் எழுத்தின் அளவு என்பது அன்றைக்கே பணக்கணக்கு.

பிற்காலத்தில் அதே பெரிய எழுத்து விற்பனைச் சரக்காக மாறியது. திருவிழாக் கடைகளில் தொங்கிய ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்களை டெல்டாவில் தாத்தா பாட்டிகள் மறந்திருக்க மாட்டார்கள். தட்டுத்தடுமாறி வாசிப்பவருக்குப் பெரிய எழுத்து, வாசிக்கவே தெரியாதவருக்கு இடையிடையே கட்டைப் படம். நமக்கு நேரான முன்னோடி அதுதான்.

படக்கதைத் தாளுக்கென்றே பெயர்பெற்ற ஊர் பிரான்சின் எபினால். பெல்லெரின் குடும்பம் 1796இல் தொடங்கிய அச்சகம் அங்கே மரக்கட்டையில் படம் வெட்டி, கறுப்பில் அச்சடித்து, துளைத்தகடு வைத்துத் தூரிகையால் வண்ணம் ஏற்றியது. தலைச்சுமை வியாபாரிகள் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார்கள். எபினாலின் பிள்ளைகள் தாளில் பெரும்பாலும் 16 கட்டம். ஸ்பெயினின் கத்தலோனியாவில் ‘அவுகா’ என்ற தாளில் 48 கட்டம், ஒவ்வொன்றுக்கும் எதுகை வைத்த இரண்டடி. 48 கட்டம் பெரியவர்களுக்குச் சரி. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அது பெருவிரல் அளவுப் படங்களின் கூட்டம். இருபதாவது கட்டத்துக்குள் விரல் வழிதவறிவிடும். நாங்கள் எட்டோடு நிறுத்தியது அதனால்தான்.

தாளின் கணக்கு இது. ஏ3 தாளைப் படுக்கை வாட்டில் வையுங்கள்: அகலம் 42 செ.மீ., உயரம் 29.7 செ.மீ. ஒரு வரிசைக்கு நான்கு கட்டம், ஒவ்வொன்றும் 9க்கு 9 செ.மீ. கட்டங்களுக்கு நடுவே 1 செ.மீ., இரு ஓரத்திலும் 1.5 செ.மீ. ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் வாசகத்துக்கு 2.5 செ.மீ. பட்டை. மேலே தலைப்புக்கு 3 செ.மீ., இரண்டு வரிசைக்கும் நடுவே 1 செ.மீ. மீதி மேலும் கீழும் ஓரம். 18 புள்ளி எழுத்தில் 9 செ.மீ. அகலத்துக்குள் சுமார் 15 எழுத்துதான் அடங்கும். ஆக, ஒரு கட்டத்துக்கு ஐந்தாறு சொல். அதற்குமேல் சொல்ல வேண்டியிருந்தால் படம் தன் வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

இரண்டாம் நாள்: திருவாரூர்

காரைக்கால் வழியாக வந்தோம். தியாகராஜர் கோயிலில் நேரே தேவாசிரிய மண்டபம். அண்ணாந்து பார்த்தால் விதானம் முழுக்க முசுகுந்தன் கதை: இந்திரனிடமிருந்து தியாகராஜரைத் திருவாரூருக்குக் கொண்டுவந்த அரசன் அவன். 17ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்படும் ஓவியங்கள். காட்சிகள் பட்டைப் பட்டையாக ஓடுகின்றன. பட்டைகளில் தமிழ் வாசகம். கட்டம், அடியில் எழுத்து என்ற ஏற்பாடு நம் ஊரில் அச்சு பரவுவதற்கு முன்பே கோயில் கூரையில் இருந்திருக்கிறது.

முக்கியமான பாடம் முசுகுந்தனின் முகத்தில் இருக்கிறது. அவனுக்குக் குரங்கு முகம். இந்திரன் சபையிலும், போரிலும், தியாகராஜ மூர்த்தத்தைக் கேட்டு வாங்கும் இடத்திலும், யானைக்கும் குதிரைக்கும் படைக்கும் நடுவே எங்கே நின்றாலும் ‘இதோ இவன்தான்’ என்று பிள்ளை விரல் நீட்டிவிடும். வாசகத்தைப் படிக்க வேண்டியதே இல்லை. படக்கதையில் முதலில் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுதான்: அடுத்த கட்டத்தில் வருகிறவன் போன கட்டத்தில் வந்தவனே என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். 9 செ.மீ. கட்டத்தில் ஆள் 6 செ.மீ. உயரம் என்றால் முகம் கடலை அளவு. அதில் மூக்கும் முழியும் வெட்டி அடையாளம் காட்ட முடியாது. உருவத்தின் வெளிக்கோடுதான் பேச வேண்டும்.

எங்கள் தாளில் அரசனுக்கு உயர்ந்த கிரீடம், பெரிய மீசை. இளவரசனுக்குக் கிரீடமே இல்லை. பக்கக்கொண்டை, காற்றில் பறக்கும் சிவப்பு மேலாடை. மந்திரிக்கு உருண்டைத் தலைப்பாகை, கையில் கோல். பசுவுக்கு வளைந்த நீளக் கொம்பு. நால்வரையும் கறுப்புத் தாளில் வெட்டி வெறும் நிழலாக வைத்துப் பாருங்கள். நிழலை வைத்தே யார் யாரென்று சொல்ல முடிந்தால்தான் அடுத்த வேலை.

இனி கதை. கோயிலுக்கு வெளியே மனுநீதிச் சோழன் கல்தேர் இருக்கிறது. கதையை முன்பே அறிந்தவருக்குக் கல்தேர் போதும். பார்த்தவுடன் முழுக் கதையும் மனதில் ஓடும். அறியாத பிள்ளைக்கு அது ஒரு தேர் மட்டும்தான். தாளுக்குத் தேவை இடைப்பட்ட நேரங்கள். நாங்கள் பிரித்தது இப்படி: அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி, இளவரசன் தேரேறிப் புறப்படுதல், வீதியில் தேரின் முன் துள்ளி வரும் கன்று, பசு வந்து மணியடித்தல். இது மேல் வரிசை. கீழ் வரிசையில் மந்திரி நடந்ததைச் சொல்ல அரசன் கேட்பது. தேரில் அரசன், எதிரே தரையில் மகன். வானில் இறைவன் தோன்றுதல். கன்றும் மகனும் எழுந்து நிற்பது.

மூன்றாம் கட்டத்தில் நீண்ட விவாதம் நடந்தது. சக்கரத்தின் அடியில் கன்று கிடப்பதைக் காட்டக் கூடாது என்பது எங்கள் முடிவு. கன்று துள்ளிக்கொண்டிருக்கிறது, சக்கரம் ஒரு சாண் தூரத்தில். அடுத்த கட்டத்தில் பசு தனியே வந்து மணிக்கயிற்றை இழுக்கிறது. நடுவில் நடந்ததைப் பிள்ளை தானே சொல்லும். அதுவாகச் சொல்லும்போதுதான் அந்தத் துயரம் அதற்குச் சொந்தமாகிறது. பெரியபுராணத்தில், அரசன் ஆணையை நிறைவேற்ற மனமில்லாமல் மந்திரி தன் உயிரை விடுகிறான். எட்டு வயதுக்குக் கீழே அதை விட்டுவிட்டோம். பெரிய பிள்ளைகளுக்கான தாளில் அது கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அரசன் தானே தேரேறியதன் காரணம் பாதி மறைந்துபோகும்.

பசு மணியடிக்கும் கட்டம் மேல் வரிசையின் கடைசியில் அமைந்தது வேண்டுமென்றே செய்தது. ஏனென்று ஏழாம் நாள் தெரியும்.

மூன்றாம் நாள்: கும்பகோணம்

வாங்கியவை: மரக்கட்டைக்குப் பதிலாகப் படம் வெட்ட லினோலியம் (சுருக்கமாக லினோ, உளிக்கு எளிதில் வெட்டுப்படும் தரைவிரிப்புப் பொருள்), 3.2 மி.மீ. தடிமன், 40க்கு 20 செ.மீ. துண்டு ஒன்று. ஒரு ‘வி’ உளி, அகலமும் குறுகலுமாக இரண்டு ‘யு’ உளி. 10 செ.மீ. ரப்பர் ரோலர். மை உருட்டத் தடித்த கண்ணாடித் துண்டு, ஓரம் தேய்த்தது. அச்சகங்களில் புழங்கும் எண்ணெய்ப்பசைக் கறுப்பு மை. 50 தாளுக்கு 60 கிராம் போதும். தாள் சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையில், பளபளப்பு இல்லாதது. பளபளத் தாள் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மையை உறிஞ்சாது. ஒரு வாரம் கழித்தும் விரலில் ஒட்டும்.

பிரேம் போடும் கடைகளில் சாமி படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கோவில்பட்டியில் சி. கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்து சிவகாசியில் அச்சான காலண்டர்ப் படங்களின் வழிவந்தவை பல. டெல்டாவின் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் முதல் படப்புத்தகம் சுவரில் தொங்கிய காலண்டர்தான். லினோ வெட்ட வசதியில்லாத பள்ளிகளுக்கு இதுவே ஒரு வழி: பழைய காலண்டர்ப் படங்களைச் சேர்த்து, ஆட்களைக் கத்தரித்து, எட்டுக் கட்டத்தில் பசை போட்டு ஒட்டுங்கள். ஒரே முருகன் எட்டுப் படத்தில் எட்டு அளவாக வருவார், அது குறையில்லை. உடையின் நிறம் மாறினால்தான் குழப்பம்.

நான்காம் நாள்: சிக்கல்நாயக்கன்பேட்டை

கும்பகோணத்திலிருந்து எட்டும் தூரத்தில், கலம்காரித் துணி எழுதும் ஊர். ‘கருப்பூர் கலம்காரி’ என்ற பெயரில் இந்த மரபுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேரில் தொங்கும் தொம்பை, கோயில் விதானத் துணி, தோரணம் எல்லாம் இந்தக் கைவேலைதான். தொம்பை உருளையாகத் தொங்குவதால் கதைக்கு முதலும் முடிவும் இருப்பதில்லை. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஓர் உருவம் முழுதாகத் தெரிய வேண்டும். கலம்காரியில் கறுப்புக் கோடு முதலில், வண்ணம் பிறகு. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் கறுப்பு, கடுக்காய் ஏற்றிய துணியில் பட்டதும் இறுகுகிறது. கோடு முழுமையாக இருந்தால் வண்ணம் கொஞ்சம் தவறினாலும் உருவம் நிற்கும். எங்கள் தாளுக்கும் அதே நியதி.

இன்று வெட்டும் வேலை. லினோவை ஒன்பதுக்கு ஒன்பதாக எட்டுத் துண்டு போட்டோம். ஒரே பெரிய தகடாக வெட்டினால் ஏழாவது கட்டத்தில் உளி வழுக்கினாலும் முழுத் தகடும் வீண். தனித்தனித் துண்டென்றால் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் வெட்டலாம், கெட்டது ஒன்றோடு போகும். பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் லினோ வெண்ணெய்போல் இளகும். குளிர்ந்தால் உளி எகிறும். உளிக்கு முன்னே கை போகவே கூடாது. பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால். திரும்ப வேண்டிய வளைவில் உளியைத் திருப்பாமல் துண்டைத் திருப்புங்கள். முதன்முறை வெட்டுபவருக்கு ஒரு துண்டு இரண்டு மணி நேரம் பிடிக்கும். பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் வரையட்டும், உளியைப் பெரியவர்கள் பிடிக்கட்டும்.

அச்சில் இடவலம் மாறும். படத்தை எண்ணெய்த் தாளில் வரைந்து, கவிழ்த்து வைத்து, பின்புறம் அழுத்தித் தேய்த்து லினோவில் இறக்க வேண்டும். இதில்தான் பெரிய தவறு நிகழ்ந்தது. எல்லாக் கட்டத்திலும் தேர் இடமிருந்து வலமாக ஓட வேண்டும். அப்படியானால் லினோவில் அது வலமிருந்து இடமாக இருக்க வேண்டும். ஆறாம் கட்டத்தை மட்டும் கவிழ்க்காமல் இறக்கிவிட்டோம். சோதனைத் தாளைப் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னது: ‘தேரு திரும்பி வூட்டுக்கு வருது.’ அவர்கள் படித்தது சரி, வெட்டியது தவறு. மகன் போன அதே திசையில் அரசன் போனால்தான், கன்றுக்கு நேர்ந்ததே மகனுக்கும் நேரப்போகிறது என்பது படத்திலேயே தெரியும். அந்தத் துண்டைத் தூக்கிப்போட்டு மறுபடி வெட்டினோம்.

எழுத்தை லினோவில் வெட்டாதீர்கள். ‘கெ’ என்ற எழுத்தில் கொம்பு வலப்பக்கம் போகும், ‘கா’வில் கால் இடப்பக்கம் வரும், தமிழ் எழுத்தைத் தலைகீழ் வரிசையில் வெட்டுவது தனித் தொழில். வாசகத்தை முதலில் தாளில் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, அதன்மேல் படத்தை அச்சடியுங்கள். வரிசை மாறக் கூடாது: எண்ணெய் மை காயாத தாளை ஜெராக்ஸ் எந்திரத்தில் விட்டால் தாளும் கெடும், எந்திரமும் கெடும்.

ஐந்தாம் நாள்: தஞ்சாவூர்

காலையில் சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் சேகரிப்பில் பிரெஞ்சு ஓவியர் சார்ல் லெ ப்ருன் வரைந்த முகங்களின் அச்சுப்படங்கள் உண்டு. மனித முகமும் விலங்கு முகமும் அடுத்தடுத்து: ஆந்தை போன்ற மனிதன், ஒட்டகம் போன்ற மனிதன். திருவாரூரில் முசுகுந்தனைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இது விருந்து. பிள்ளைகளுக்கு ஆள் வரையக் கற்றுத்தர இதைவிடச் சுருக்கமான பயிற்சி இல்லை: உன் கதையில் வரும் ஆளுக்கு எந்த விலங்கின் சாயல் என்று முதலில் கேளுங்கள். ஈசாப் கதைகளை மராத்தியில் பிள்ளைகளுக்காக அச்சிட்டதும் இதே சரபோஜியின் அச்சுக்கூடம்தான், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே.

மதியம் அச்சு. தடித்த அட்டையில் எட்டுச் சதுர ஓட்டை வெட்டி அச்சு வார்ப்புச் சட்டம்போல வைத்துக்கொண்டோம், துண்டுகள் நகராது. அட்டையின் இரண்டு மூலையில் ‘ட’ வடிவில் தாள் முட்டும் கோடு. ஒரு தடவைக்குச் சுண்டைக்காய் அளவு மை. கண்ணாடியில் ரோலரை எல்லாப் பக்கமும் உருட்டும்போது காதைக் கொடுங்கள். மை சரியான பதத்தில் ‘சர்ர்’ரென்று தோசைக்கல்லில் நீர் தெளித்த ஓசை கேட்கும். ‘பச்சக் பச்சக்’ என்றால் மை அதிகம். அப்படியே ஏற்றினால் மணிக்கயிறு, மீசை போன்ற மெல்லிய வெட்டெல்லாம் அடைபட்டுக் கறுப்புத் திட்டாகிவிடும். ஓசையே இல்லையென்றால் மை போதாது, படம் நரைத்து வரும்.

எந்திரம் வேண்டாம். வழவழப்பாகத் தேய்த்த கொட்டாங்கச்சியின் முதுகே போதும். அதில் ஒரு துளி எண்ணெய் தடவி, தாளின் பின்புறம் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறு வட்டங்களாக அழுத்தித் தேயுங்கள். மூலைகளைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்தபடியே மறு ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடம் இருந்தால் இறக்கி மறுபடி தேய்க்கலாம். தாள் ஒரு இழை நகர்ந்தாலும் கோடு இரட்டிக்கும். முதல் மூன்று தாள் எப்போதும் சோதனைக்கே. இரண்டு பேர் சேர்ந்தால் மணிக்கு ஐந்தாறு தாள் வரும். இரவு வரை 41 தாள் எடுத்தோம், 34 தேறின.

ஆறாம் நாள்: தஞ்சாவூர்

மை காயவில்லை. மாசி மாதம்தான், ஆனாலும் காலைப் பனி ஈரம் இருக்கிறது. சித்திரையில் ஒரே நாளில் காய்வது ஐப்பசி அடைமழையில் மூன்று நான்கு நாள் இழுக்கும். தாள்களைக் கொடிக்கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல்தாளின் முதுகில் கீழ்த்தாளின் படம் ஒட்டிக்கொள்ளும்.

ஏழாம் நாள்: ஸ்ரீரங்கம்

வண்ணம் ஏற்றும் நாள். எபினாலில் செய்ததும் நம் வீட்டு வாசலில் தகரக் கோல அச்சு செய்வதும் ஒன்றே: ஓட்டை வழியாகத்தான் நிறம் விழும். பழைய எக்ஸ்ரே பிலிமை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தால் தெளிந்த தகடு கிடைக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு தகடு. சிவப்பு, மஞ்சள், நீலம் போதும்; மஞ்சளின்மேல் நீலம் விழும் இடம் பச்சை. தேர்ச்சக்கரத்தில் நடுக்குடத்தை வெள்ளையாக விட வேண்டுமானால் அது தகட்டிலிருந்து கழன்று விழுந்துவிடும். இரண்டு மெல்லிய பாலம் விட்டு வெட்டுங்கள். ஆரக்கால் இருக்கும் இடத்தில் பாலம் வந்தால் கண்ணுக்கே தெரியாது.

போஸ்டர் கலரில் ஆறிய மைதாக் கஞ்சி கொஞ்சம் கலந்து கெட்டியாக்குங்கள். நீர்த்த வண்ணம் தகட்டின் அடியில் ஊர்ந்து மங்கலான விளிம்பு கட்டும். மொட்டைத் தூரிகையில் வண்ணம் தொட்டு, துணியில் பாதியைத் துடைத்துவிட்டு, நேராகக் குத்திக் குத்தி ஏற்றுங்கள், இழுக்கக் கூடாது. கஞ்சி கலந்ததால் பூச்சி வரும். தாள் அடுக்கும் பெட்டியில் வசம்புத் துண்டு போட்டு வையுங்கள். சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வைக்கும் பொட்டலத்திலும் வசம்பு உண்டு.

சிவப்பு எங்கே விழுகிறது என்பதில் மிகுந்த கவனம் தேவை. நான்கு தாள்களில் தகடு நகர்ந்து மந்திரியின் தோளில் சிவப்பு பட்டுவிட்டது. அந்தத் தாள்களைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஐந்தாம் கட்டத்தில் இளவரசனே வந்து தன் குற்றத்தைச் சொல்வதாகத் தோன்றியது. அதுவும் நல்ல கதைதான், ஆனால் இந்தக் கதை இல்லை. நான்கையும் ஒதுக்கிவிட்டோம்.

சொல்லும் முறை இது. ஒரு தாளுக்கு ஆறு பிள்ளைக்கு மேல் உட்காரக் கூடாது. ஏழாவது பிள்ளைக்குக் கட்டம் தெரியாது, அது பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளத் தொடங்கும். தாளை லேமினேட் செய்யாதீர்கள், பளபளப்பில் வெளிச்சம் அடித்துப் படம் தெரியாது. இரண்டு வரிசைக்கும் நடுவில் தாளை மடித்துக் கீழ் வரிசையை மறைத்துவிடுங்கள். தென்னை ஈர்க்கால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுச் சொல்லி, பசு மணியடிக்கும் நான்காம் கட்டத்தில் நிறுத்துங்கள். ‘அப்பறம்?’ என்ற கேள்வி வரும் வரை மடிப்பைப் பிரிக்கக் கூடாது. பிரித்ததும் ஈர்க்கு உங்கள் கையிலிருந்து பிள்ளை கைக்குப் போக வேண்டும். இரண்டாம் சுற்றில் வாசகப் பட்டைகளைக் காகிதத்தால் மூடிவிட்டு ஒரு பிள்ளையை முழுதும் சொல்லச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் அது தயங்குகிறதோ அந்தத் துண்டைத்தான் மறுபடி வெட்ட வேண்டும். எங்களுக்கு அது ஏழாம் கட்டம்: இறைவனைச் சுற்றி வெட்டிய மேகமும் வீதிப் புழுதியும் ஒன்றுபோல் வந்துவிட்டன. மேகத்தைக் குறைத்து, கீழே வேடிக்கை பார்க்கும் ஊர்மக்கள் எல்லோரும் தலை தூக்கி நிற்பதாக மாற்றி வெட்டப்போகிறோம்.

இங்கே கோயில் வீதிக் கடைகளில் பரமபதப் படம் கிடைக்கிறது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பெரியவர்களும் பிள்ளைகளும் தாயக்கட்டை உருட்டி ஆடும் தாள். நம் ஊரின் மிகப் பழகிய கட்டப்படம் அதுதான். ஒரு கட்டத்தில் பாம்பின் வாய், அது இறக்கிவிடும் இடத்தில் அதன் வால், ஏணியின் அடியில் புண்ணியம். நடுநடுவே புராண ஆட்கள். அதில் கதைக்குத் தாயம் வழிகாட்டுகிறது, ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறு வரிசை. ‘இந்தப் பாம்பு ஏன் இவனைக் கடிச்சிச்சு?’ என்று பிள்ளை கேட்கும் இடத்தில் பாட்டி ஆட்டத்தை நிறுத்திக் கதை சொல்லியாக வேண்டும். அடுத்த தாளை இந்த முறையில் செய்துபார்க்கும் எண்ணம் இருக்கிறது: முசுகுந்தன் திருவாரூருக்குத் தியாகராஜரைக் கொண்டுவரும் வழி, ஏழு ஒரேமாதிரி மூர்த்தங்களில் சரியானதைத் தேர்ந்தால் ஏணி, தவறினால் மறுபடி இந்திரலோகம்.

லினோ துண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவாதீர்கள். பிள்ளைகள் கைபடும் பொருள். தேங்காயெண்ணெய் தடவி மை இளகியதும் பழந்துணியால் துடைத்து, சோப்புத் தூள் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவி, நிழலில் தட்டையாக உலர்த்துங்கள். பசை மிஞ்சினால் அடுத்த முறை மை பிடிக்காது. வெயிலில் நிறுத்தி வைத்தால் லினோ வளையும். துண்டுகளுக்கு நடுவே செய்தித்தாள் வைத்துப் பெட்டியில் அடுக்கினால் அடுத்த ஆண்டு தை மாதத்திலும் இன்னொரு 50 தாள் எடுக்கலாம்.